நம்பிக் கேட்கக்கூடிய வரலாற்று பாட்காஸ்ட்கள்: உங்கள் பரிந்துரை?

கம்பெனிபஸ்

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் கம்பெனி பஸ். போக ஒரு மணி நேரம், சாயங்காலம் திரும்ப அதற்கும் மேல். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது, அதனால் ஹெட்செட்தான் துணை.

வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யூடியூபில் தமிழில் கிடைப்பதை நிறையக் கேட்டுவிட்டேன். பாதிக்கு மேல் "மறைக்கப்பட்ட உண்மை", "யாரும் சொல்லாத ரகசியம்" என்றுதான் தொடங்குகின்றன. எந்தக் கல்வெட்டு, எந்த ஆவணம், யார் ஆராய்ந்து சொன்னது என்று கடைசி வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. ஆங்கிலம் நிதானமாகப் பேசினால் புரியும். எந்த நாட்டு வரலாறாக இருந்தாலும் சரி, நம்பிக் கேட்கிற மாதிரி வேண்டும். எதில் ஆரம்பிக்கலாம்?


மாடத்தெரு

யோசிக்காமல் மைக் டங்கனின் "தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்" தொடரில் ஆரம்பியுங்கள். 2007-ல் தொடங்கி 2012-ல் முடித்தார், எண் போட்ட எபிசோட்கள் 179. ரோமைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் ஈனியஸ், ரோமுலஸ் கதைகளில் தொடங்கி, மேற்கு ரோமின் கடைசிச் சக்கரவர்த்தி என்று சொல்லப்படும் சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸ் பதவி இழந்த 476-ல் வந்து நிற்கும். ஆரம்ப எபிசோட்களில் ஒலித்தரம் சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சிறிது, உங்கள் பஸ் பயணத்தில் ஒரு வழிக்கு இரண்டு மூன்று கேட்கலாம்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம், கதை எது, சான்று உள்ளது எது என்று அவர் பிரித்துச் சொல்லிக்கொண்டே போவார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இப்படி எழுதுகிறார், ஆனால் லிவி எழுதியது அந்தச் சம்பவத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து என்பதை நமக்கு மறக்க விடமாட்டார்.

இன்னொன்று. 408-ல் விசிகாத் என்ற ஜெர்மானிய இனக்குழுவின் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். விலகிப் போக அவன் கேட்டதில் 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. அது நம் மேற்குக் கரை மிளகு. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று யவனர் கலங்களைப் பற்றி அகநானூற்றில் வருகிறதே, அந்த வணிகத்தின் மறுமுனை இது. பல நூறு வருட ரோம வரலாற்றை வரிசையாகக் கேட்டுவிட்டு அந்த முற்றுகைக்கு வந்து சேரும்போது, ஒரு காட்டுமிராண்டிப் படை மிளகு கேட்கிறது என்று வியக்கத் தோன்றாது. அலாரிக் ரோமானியப் படையில் பதவி வகித்தவன், பதவியும் சம்பளமும் கேட்டு அலைக்கழிக்கப்பட்டவன் என்பது அதற்குள் நமக்குப் பழகிப்போயிருக்கும்.

ரோமில் ருசி கண்டுவிட்டால் அடுத்து ராபின் பியர்சனின் "தி ஹிஸ்டரி ஆஃப் பைசாண்டியம்". டங்கன் விட்ட இடத்திலிருந்து கிழக்கு ரோமை அவர் 2012-ல் கையில் எடுத்தார். நிதானமான குரல், உங்களுக்கு நன்றாகப் புரியும்.


நைட்ஷிப்ட்

டான் கார்லின் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லையே! "ஹார்ட்கோர் ஹிஸ்டரி". முதல் உலகப் போர் பற்றிய "புளூபிரிண்ட் ஃபார் ஆர்மகெடான்" ஆறு பாகம், மொத்தம் இருபது மணி நேரத்துக்கு மேல். பள்ளிக்கூடத்தில் "1914-ல் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், போர் மூண்டது" என்று ஒரே வரியில் படித்ததை, சரயேவோ தெருவில் கார் தப்பான சந்தில் திரும்பியதிலிருந்து அவர் சொல்லும்போது வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் இரவு நேரத்தில் கோல்ட் ஸ்டோரேஜில் மேற்பார்வை. நடந்துகொண்டே இருக்க வேண்டும், பேச ஆள் இருக்காது. நான்கு மணி நேர எபிசோட் எனக்கு வரப்பிரசாதம். மங்கோலியர் பற்றிய "ராத் ஆஃப் தி கான்ஸ்", பாரசீகம் பற்றிய "கிங் ஆஃப் கிங்ஸ்" இரண்டும் கேளுங்கள். புதிய தொடர்கள் இலவசம். பழையவை பலவும் அவருடைய தளத்தில் விலைக்கு இருக்கின்றன, கொடுக்கிற காசுக்குத் தகும்.

அப்புறம் "எம்பயர்". வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் சேர்ந்து 2022-ல் தொடங்கியது. முதல் சுற்றே கிழக்கிந்தியக் கம்பெனியும் பிரிட்டிஷ் இந்தியாவும்தான், பிறகு உதுமானியர், அடிமை வணிகம் என்று போகிறது. இரண்டு பேர் சகஜமாகப் பேசிக்கொள்வதால் அலுக்காது.


நிலாமதி

நைட்ஷிப்ட் தம்பி சொன்னதில் எனக்கு ஓரளவுதான் உடன்பாடு. நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். கார்லின் கதை சொல்கிற விதம் அபாரம், மறுக்கவில்லை. தான் வரலாற்று ஆய்வாளர் இல்லை என்று அவரே அடிக்கடி சொல்லிவிடுகிறார். மேற்கோள் படிக்கும்போது எழுதியவர் பெயரைச் சொல்லி, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்பதையும் வாயாலேயே சொல்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் குரல் நம்மை உணர்ச்சியில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அகழியில் நின்ற சிப்பாயின் பயம் மனதில் தங்கும், அந்தப் போரை ஏன் யாராலும் நிறுத்த முடியவில்லை என்ற கேள்வி பின்னால் போய்விடும்.

கம்பெனிபஸ் கேட்பது நம்பகம். அதற்கு பிபிசி ரேடியோ 4-ன் "இன் அவர் டைம்" போல இன்னொன்று கிடையாது. 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025-ல் விலகும் வரை ஆயிரத்துக்கு மேல் எபிசோட்கள் நடத்தினார். ஒரு தலைப்பு, அதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். இசை கிடையாது, நாடகம் கிடையாது. பிராக் சுற்றி வளைக்க விடமாட்டார், "அது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். "இதற்குச் சான்று இல்லை, ஊகம்தான்" என்று ஒரு பேராசிரியர் வெளிப்படையாகச் சொல்வதைக் கேட்டுப் பழகிவிட்டால், பிறகு யூடியூபில் யாராவது எல்லாவற்றையும் அடித்துச் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

2015-ல் வந்த அசோகர் எபிசோடில் தொடங்குங்கள். கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிங்கப் போரைப் பற்றி அசோகர் வருந்தி எழுதியது 13-ஆம் பாறைக் கல்வெட்டு. அந்தக் கல்வெட்டு இன்றைய பாகிஸ்தானில் உள்ள சாபாஸ்கரியில் இருக்கிறது, இமயமலை அடிவாரத்துக் கால்சியில் இருக்கிறது. கலிங்கத்திலேயே உள்ள தவுலியிலும் ஜவுகடாவிலும் அது இல்லை, அதற்குப் பதில் வேறு ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். தோற்றுப்போன மக்களுக்கு அந்த வருத்தம் படித்துக் காட்டப்படவில்லை. என் வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் ஒரு பீரியடுக்கு அடங்கவில்லை. அதே 13-ஆம் கல்வெட்டில்தான் சோழர், பாண்டியர் பெயரும் வருகிறது.


நைட்ஷிப்ட்

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முக்கால் மணி நேரம் பேராசிரியர்கள் பேசுவதை எல்லோராலும் கேட்க முடியுமா? முதலில் ஆர்வம் வர வேண்டும். எனக்கு அதைத் தந்தவர் கார்லின்தான். அவரைக் கேட்ட பிறகுதான் முதல் உலகப் போர் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்தேன்.


நிலாமதி

அதுவும் சரிதான் தம்பி. புத்தகம் வாங்க வைத்தால் அதற்குமேல் என்ன வேண்டும்.


ஈப்போக்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கார்லினோட "சூப்பர்நோவா இன் தி ஈஸ்ட்" ஆறு பாகமும் கேட்டேன். ஜப்பான் ஏன் அந்தப் போருக்குள்ள போச்சு, மலாயா, சிங்கப்பூர் எப்படி அவ்வளவு சீக்கிரம் விழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்க நல்ல தொடர். 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் சரணடைஞ்ச கட்டத்தை எங்க குடும்பத்துல எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம்.

ஆனா ஒரு குறை. ஆங்கிலத்துல, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரன் போட வெச்ச சயாம் மரண ரயில் பத்தி எந்த பாட்காஸ்ட்டை எடுத்தாலும் பேச்சு முழுக்க பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளைச் சுத்தியே இருக்கு. அவங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, 60,000 பேருக்கு மேல வேலை செஞ்சாங்க, 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆனா 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டவங்கள்ல ஆசியத் தொழிலாளிங்கதான் பல மடங்கு அதிகம். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அவங்களோட மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து போன நம்ம தமிழாளுங்க. கைதிகளுக்குள்ள டாக்டர்கள் இருந்தாங்க, அதிகாரிங்க ரகசியமா குறிப்பு எழுதி வெச்சாங்க, செத்தவனுக்குப் பேர் போட்ட கல்லறை இருக்கு. தோட்டத்துல இருந்து போனவங்களுக்குக் கணக்கு எழுத ஆளில்லாம போச்சு, அதனாலதான் இன்னைக்கும் எத்தனை பேர் செத்தாங்கன்னு ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்றாங்க. எங்க பக்கம் தோட்டப்புறத்துல "சயாமுக்குப் போனவன்"னு சொன்னாலே திரும்பாதவன்னு அர்த்தம்.

இதுக்கு பாட்காஸ்ட் இல்லாட்டியும் கேக்க ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்று மையம் 1979-ல இருந்து ஆளுங்களைப் பேட்டி எடுத்து வெச்சிருக்கு. ஜப்பான்காரன் காலத்தைப் பத்தித் தமிழ்லேயே பேசின பதிவுகளும் இருக்கு, நிறைய இணையத்துலேயே கேக்கலாம். எடிட்டிங் இல்ல, பின்னணி இசை இல்ல. ஒரு பெரியவர் பேசுவார், நடுவுல இருமுவார், ஒரு தேதியை மறந்து யோசிப்பார். கேள்வி கேக்குறவர் காத்திருப்பார். கம்பெனிபஸ் தம்பி, ஒரு தடவை இதைக் கேட்டுப் பாருங்க.


கம்பெனிபஸ்

ஈப்போ அண்ணா, இது எனக்கு முற்றிலும் புதுச் செய்தி. தமிழிலேயே இருக்கிறது என்றால் அப்பாவுக்கும் போட்டுக் காட்டுவேன். நன்றி.


வடமராட்சி

நான் இஞ்ச கனகாலமா வாசிக்கிற ஆள், எழுதிறது குறைவு. ஆனா இந்த இழையில ஒண்டு சொல்லாமப் போக மனமில்லை.

போல் கூப்பர் செய்யிற "ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்". 2019-ல துவங்கினது. ஒவ்வொரு எபிசோடும் வீழ்ந்துபோன ஒரு நாகரிகம். சுமேரியா, கார்த்தேஜ், இன்கா, பகான் எண்டு போகும். அந்தக் காலத்து ஆக்கள் எழுதினதையே வேற வேற குரலில வாசிப்பிக்கிறார், அதுதான் அதின்ர பலம். கூப்பர் முந்தி பொலன்னறுவைக் காலத்தை வைச்சு நாவல் எழுதினவர், எங்கட பக்கத்து மண் அவருக்குக் கொஞ்சம் தெரியும்.

14-ஆவது எபிசோட் விஜயநகரம். தமிழ்நாட்டு ஆக்கள் கட்டாயம் கேளுங்கோ. 1443-ல வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், பிறகு வந்த போர்த்துக்கேயர் பயஸ், நூனிஸ் ஆக்களின்ர குறிப்புகள் இல்லாட்டி அந்த நகரம் இருந்த இருப்பு எங்களுக்குப் பெரிசாத் தெரிஞ்சிராது. 1565 சனவரியில தலைக்கோட்டைச் சண்டையில, ஆட்சியைக் கையில வைச்சிருந்த ராமராயர் தலை போனதோட எல்லாம் ஒரு நாளில முடிஞ்சுது எண்டுதான் நானும் பள்ளியில படிச்சது. உண்மையில ராமராயரின்ர தம்பி திருமலை கருவூலத்தை அள்ளிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய், அரசு வேற இடத்தில பிறகும் கனகாலம் நடந்தது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்மார் தங்கட பாட்டில வளர்ந்ததும் இந்தக் கதையின்ர தொடர்ச்சிதான்.

மற்றது, "எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட் இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்". பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பொறுப்பா இருந்த நீல் மக்ரெகர் 2010-ல பிபிசியில செய்தது. 100 பொருள், ஒவ்வொண்டும் ஒரு கால் மணித்தியாலம். 54-ஆவது எங்கட தாராச் சிலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்தது, ஏறக்குறைய ஆள் உயரத்தில பொன் பூசின வெண்கலம். ஆளுநர் பிரவுன்ரிக் கொண்டுபோய் 1830-ல மியூசியத்துக்குக் குடுத்தவர். இடுப்புக்கு மேல உடுப்பில்லை எண்டு போட்டு, ஒரு முப்பது வருசம் பொதுச்சனத்துக்குக் காட்டாமல் அறைக்குள்ள வைச்சிருந்தவை. கும்பிடுறதுக்கு வார்த்த ஒரு தெய்வத்தை அவை பார்த்த பார்வை அது. கேக்கேக்க எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் இப்பவும் இருக்கு.


மாடத்தெரு

வடமராட்சி ஐயா, அந்த 100 பொருள் தொடரை நினைவுபடுத்தினீர்களே, மிக்க மகிழ்ச்சி. அதில் 40-ஆவது மிளகுச் சிமிழ். நான் மேலே சொன்ன மிளகு விஷயத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்று ஒரு கிராமம். 1992 நவம்பரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் ஒருவர் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். கிடைத்தது ரோமானியப் புதையல், தங்கமும் வெள்ளியுமாகப் பதினையாயிரம் காசுகள், நகைகள், கரண்டிகள். அவர் பேராசைப்பட்டுத் தோண்டிக் கலைக்காமல் உடனே தகவல் கொடுத்துவிட்டதால் தொல்லியல் ஆட்கள் வந்து மண்ணோடு முறையாக எடுத்தார்கள். புதையலை யாரோ மரப்பெட்டியில் அடுக்கி, வைக்கோல் வைத்துப் பத்திரமாகப் புதைத்தது வரை தெரிந்தது அதனால்தான். அதற்குள் வெள்ளியில் ஒரு சீமாட்டியின் உருவம், தலைமுடியை எடுத்துக் கட்டி, கையில் ஏட்டுச் சுருள். அடியில் உள்ள தகட்டைத் திருகினால் மிளகுத்தூள் கொட்டும். ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போகிற காலத்தில் ஒரு பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது இருந்திருக்கிறது. தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

"எம்பயர்" பற்றி ஒரு வார்த்தை. நல்ல தொடர், கேட்க இனிமை. ஆனால் இந்தியா என்று பேசும்போது அவர்கள் மனம் டெல்லி, பஞ்சாப், கல்கத்தா பக்கமே அதிகம் சாய்கிறது என்று எனக்குப் படுகிறது. கர்நாடகப் போர்கள், ஆற்காடு, வேலூர் 1806 என்று நாம் எதிர்பார்ப்போம். அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.


செல்வி_திருச்சி

இவ்வளவும் ஆங்கிலமா இருக்கே! எங்க அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கு, படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தமிழ்ல சோழர் வரலாறு கேட்கணும்னு ஆசைப்படுறாங்க. ஏற்கெனவே பொன்னியின் செல்வனை ஒலிநூலா கேட்டு முடிச்சாச்சு. நந்தினிதான் ஆதித்த கரிகாலனைக் கொல்ல வெச்சான்னு அடிச்சுப் பேசுறாங்க. அடுத்து என்ன போடலாம்?


கல்வெட்டுப்பித்து

செல்வி அக்கா, அம்மாவுக்கு என் வணக்கம். நந்தினி கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அப்படி ஒரு பெண் இல்லை. வந்தியத்தேவர் இருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை "வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது அநேகமாக அவ்வளவுதான், குதிரையும் சாகசமும் எல்லாம் நாவல்.

கரிகாலன் கொலையைப் பற்றி நம்மிடம் இருக்கும் முக்கியச் சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. கொலை நடந்து பல வருடம் கழித்து, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. கொலைக் கல்வெட்டு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் படித்தால் அது ஒரு நில விற்பனைப் பத்திரம். பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன் என்று பெயர்கள் வரும். அப்புறம் அவர்கள் உடன்பிறந்தார், பிள்ளைகள், பெண்டிர், தாய்மாமன்கள் என்று உறவுமுறை நீளும். இத்தனை பேருடைய நிலத்தையும் பறிமுதல் செய்து விற்கச் சொல்லி ஊர்ச் சபைக்கு அரசன் ஓலை. வாங்கியவர் அதைக் கோயில் அறத்துக்கு எழுதி வைக்கிறார், அதனால்தான் இந்த விவரமே கல்லில் ஏறியது. ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. உத்தம சோழன் மேல் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். விவாதம் இன்றும் நடக்கிறது.

தமிழில் இந்த மாதிரி, கல்வெட்டை வரி வரியாகப் படித்துக் காட்டி, இதுவரை தெரியும் இதற்குமேல் தெரியாது என்று நிறுத்துகிற பாட்காஸ்ட் ஒன்று தொடர்ந்து வர வேண்டும். நம்மிடம் இருக்கும் கல்வெட்டுச் செல்வத்துக்கு ஆயிரம் எபிசோட் செய்தாலும் தீராது. ஏரி மதகைப் பழுது பார்த்தது, ஆடு தானம் கொடுத்து விளக்கு எரித்தது, வரி கட்ட முடியாமல் ஊரை விட்டுப் போனது என்று சாதாரண ஜனங்களுடைய வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. ராஜா கதை மட்டும்தான் வரலாறு என்று நம் ஒலி நிகழ்ச்சிகள் நினைப்பது எனக்கு மனவருத்தம்.

இப்போதைக்கு அம்மாவுக்கு இரண்டு சொல்கிறேன். தமிழ் ஹெரிடேஜ் டிரஸ்ட் சென்னையில் பல வருடமாக நடத்தும் சொற்பொழிவுகள் யூடியூபில் இருக்கின்றன, பல தமிழிலேயே. கோயில், சிற்பம், கல்வெட்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். படம் காட்டிப் பேசுவார்கள், ஆனாலும் கேட்டால் போதும், பெரும்பாலும் புரியும். இரண்டாவது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகள். பழைய அச்சுப் புத்தகம், சிந்துவெளி, நாட்டார் வழக்காறு எல்லாம் வரும்.

ஆங்கிலம் பரவாயில்லை என்பவர்களுக்கு அனிருத் கனிசெட்டியின் "எக்கோஸ் ஆஃப் இந்தியா". பழைய இந்தியாவை இந்தியர் ஒருவர் ஆய்வு நூல்களை வைத்து நிதானமாகச் சொல்வது.


செல்வி_திருச்சி

ரொம்ப நன்றி தம்பி. உடையார்குடி விஷயத்தை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அப்ப அந்தப் பிள்ளைங்க நிலமும் போச்சா?"ன்னு முதல்ல அதைத்தான் கேட்டாங்க. திருச்சியிலிருந்து காட்டுமன்னார்கோயில் ஒண்ணும் அவ்வளவு தூரமில்ல, கண் சரியானதும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.


நிலாமதி

இன்னும் இரண்டு விட்டுப்போயிற்று.

ஒன்று "த்ரீ மில்லியன்". 1943 வங்கப் பஞ்சம் பற்றி கவிதா பூரி 2024-ல் பிபிசிக்குச் செய்தது. குறைந்தது முப்பது லட்சம் பேர் செத்தார்கள், அவர்களுக்கென்று ஒரு நினைவுச் சின்னம் கூட இல்லை என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. சர்ச்சில் குற்றவாளியா இல்லையா என்ற பழைய சண்டைக்குள் மட்டும் சுற்றாமல், அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடிப் போகிறார். உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் அன்று சிறுவர்கள், இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். அவர்கள் நினைவை ஏட்டில் பதிய வங்கக் கிராமம் கிராமமாகப் போன ஓர் எழுபது வயதுக்காரரும் வருகிறார். ஈப்போ அண்ணா சொன்ன குறை எனக்கும் உண்டு, இந்தத் தொடரில் அது இல்லை. ஏழை எழுதி வைக்கவில்லை என்பதால் அவனுக்கு வரலாறு கிடையாது என்று விட்டுவிடாமல், போய்க் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் கேட்டால் கண் கலங்கும், ஜன்னல் சீட் பிடித்துக்கொள்ளுங்கள்.

மற்றது "விட்னஸ் ஹிஸ்டரி", பிபிசி வேர்ல்ட் சர்வீஸ். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள், சம்பவத்தில் இருந்தவரே பேசுவார். ஆங்கிலம் பழக்கப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது. எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன். ஆப்பில் வேகத்தை 0.8-க்குக் குறைத்து வைத்தால் உச்சரிப்பும் பிடிபடும்.


கம்பெனிபஸ்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரோம் ஆரம்பித்துவிட்டேன், அசோகர் எபிசோடும் கேட்டாயிற்று. இடையில் இன்னொரு கேள்வி. மைக் டங்கனே "ரெவல்யூஷன்ஸ்" என்று ஒன்று செய்திருக்கிறார் என்று பார்த்தேன். சீசன்கள் நிறைய, பட்டியல் நீளம். எதிலிருந்து எடுப்பது? வரிசையாகத்தான் கேட்க வேண்டுமா?


நைட்ஷிப்ட்

ரஷ்யா! பத்தாவது சீசன். நூறு எபிசோடுக்கு மேல். லெனின் பேச்சு வருவதற்கு முன்னால் மார்க்ஸுக்கும் அராஜகவாதி பகூனினுக்கும் நடந்த சண்டையிலிருந்து அஸ்திவாரம் போடுகிறார்.


நிலாமதி

ரஷ்யா பெரிய சீசன், அதைக் கடைசிக்கு வையுங்கள். வரிசை அவசியமில்லை. முதலில் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் என்று போய், நான்காவதாக, கரீபியன் கடலில் பிரான்சின் காலனியாக இருந்த ஹெயிட்டி வரும். ஹெயிட்டியில் ஆரம்பியுங்கள். இருபதுக்கும் குறைவான எபிசோட்கள்தான், நம் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயரே கண்ணில் படாது.

கரும்புத் தோட்டத்து அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்து எழுந்தார்கள். பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் மூன்றின் படைகளோடும் மோதி, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து 1804 சனவரி 1-ல் விடுதலை அறிவித்தார்கள். அடிமைகளே எழுந்து ஒரு நாட்டை உண்டாக்கி நிலைநிறுத்தியது அங்கே மட்டும்தான். துசாந்த் லூவெர்த்தூர் அடிமையாகப் பிறந்தவர், தளபதியாகி, தீவு முழுவதையும் ஆண்டவர். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கைது செய்து, பிரான்சில் ஜூரா மலைக் குளிரில் ஒரு கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார், விடுதலையைப் பார்க்கவில்லை. டங்கன் அவரைத் தெய்வமாக்கவில்லை. விடுதலை பெற்றவர்களையே மறுபடி தோட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்திய அவருடைய சட்டங்களையும் விரிவாகவே சொல்கிறார். எனக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

ஒரு விஷயம், சுதந்திரம் வந்ததும் சீசன் முடிந்தது என்று அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள். கடைசி எபிசோட் 1804-க்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு நஷ்ட ஈடு என்று 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்துக் கணக்கில் அடிமைகளும் அடக்கம். பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடனும், கடனுக்கு மேல் கடனும் தீர 1947 ஆனது. இன்றைய ஹெயிட்டி செய்தியைப் படிக்கும் முன்னால் அந்த எபிசோடைக் கேட்டுவிடுங்கள்.